அம்மாவின் படுக்கை மேலே இருந்தது

இதைப் படிக்கிறவர்கள் என்னை நல்லவள் என்று நினைத்துவிடக் கூடாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்குப் பகலில் கொஞ்சம் படுத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடத்தை அவளிடமிருந்து நான்தான் எடுத்துக்கொண்டேன். பிடுங்கவில்லை, கேட்டுத்தான் எடுத்துக்கொண்டேன். அதுதான் இன்னும் மோசம்.

எங்கள் வீடு அபிராமபுரத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறது. ஒரு படுக்கையறை, ஒரு ஹால், திரும்பினால் முழங்கை இடிக்கிற சமையலறை, வாஷிங் மெஷினும் ஒரு நாற்காலியும் மட்டும் கொள்ளும் பால்கனி. வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிய இடத்திலிருந்தே மொத்த வீட்டையும் பார்த்து முடித்துவிடலாம். என் கணவர் வாரத்தில் மூன்று நாள் ஹாலில் மேஜை போட்டு வேலை பார்ப்பார், செவ்வாயும் வியாழனும் அலுவலகம் போவார். நான் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையின் நான்காவது மாடியில், வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு ஃபோனில் வீடியோ வழியாகப் புடவை காட்டும் வேலையில் இருக்கிறேன்.

அப்பா போன பிறகு அம்மா மந்தைவெளியில் வாடகைக்கு இருந்த போர்ஷனிலேயே இரண்டு வருஷம் தனியாக இருந்தாள். வீட்டுக்காரர் இடித்துக் கட்டப் போகிறேன் என்று சொன்னதும் வேறு வழியில்லாமல் எங்களிடம் வந்தாள். ஓர் இரும்புக் கட்டில், இரண்டு பை, ஓர் அருவாமணை. அவ்வளவுதான் அவள் சொத்து. நான் ஒரே பெண். வேறு யாரிடம் போவாள்? ஆனாலும், "கடைசியில பொண்ணாத்துல வந்து உக்காந்துண்டேனே" என்று வந்த அன்றைக்கே சொன்னாள். எத்தனை தடவை சமாதானம் சொல்லியும் அவள் மனதில் இது பெண் வீடுகூட இல்லை, மாப்பிள்ளை வீடு. மாப்பிள்ளை ஹாலுக்குள் வந்தால் படுத்திருப்பவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அவர் குளிக்கப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, தண்ணீர் குடிக்க வரும்போது ஒரு தடவை என்று எழுந்து எழுந்து உட்காருவாள். "அம்மா, நீங்க படுத்துக்கோங்கோ" என்று அவரும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

தகராறு என்று எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் தேவலை. ஹாலில் கட்டில் போட்டதும் மேஜைக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒருக்களித்துத்தான் நடக்க முடிந்தது. கணவர் மீட்டிங்கில் பேசும்போது அவர் தலைக்குப் பின்னால் அம்மா தெரிந்தாள். ஒரு நாள் அம்மா குளித்துவிட்டு, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியோடு கேமரா பக்கம் குனிந்து, "இதுல யாரு தெரியறா?" என்று உற்றுப் பார்த்திருக்கிறாள். அந்தப் பக்கம் பதினோரு பேர். எல்லோரும் கை ஆட்டினார்களாம். அவரும் சிரித்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னார். ஆனால் மறுநாள் அம்மாவிடம், "மீட்டிங் நடக்கறச்சே கொஞ்சம் பால்கனியில உக்காந்துக்கோயேன்" என்று சொன்னது அவர் இல்லை. நான்.

மேலே ஏறும் படுக்கையை நான் கண்டுபிடித்தது அந்தச் சமயத்தில்தான். ஃபோனில் விளம்பரமாக வந்தது. கூரையில் மோட்டார், நான்கு மூலையிலும் பெல்ட், நடுவில் ஒரு கட்டில். பகலில் கூரையோடு ஒட்டிக்கொண்டுவிடும், ராத்திரி இறங்கி வரும். வீடியோவில் ஒரு பெண் பட்டனை அழுத்தியதும் படுக்கை மேலே போகிறது, அந்த இடத்தில் ஒரு குழந்தை பந்து விளையாடுகிறது. எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. மூன்று நாள் அந்த வீடியோவையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். நமக்கும் ஒரு ஹால் இருந்ததே, அது திரும்பக் கிடைக்கப் போகிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

அம்மாவிடம் கேட்டேன். "பகல்ல உன் படுக்கை மேல போயிடும்மா. ராத்திரி இறங்கி வரும். உனக்குச் சரியா? பகல்ல படுக்கணும்னா சொல்லு, இறக்கிடலாம்."

"வேண்டாம்டி. எனக்கெதுக்குப் பகல்ல படுக்கை? ராத்திரி தலையைச் சாய்க்க இடம் இருந்தா போறும்."

எங்கள் வீட்டு வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் முதல் 'வேண்டாம்' என்பது வேண்டாம் ஆகாது. யார் வீட்டுக்குப் போனாலும் அம்மா இப்படித்தான். காபி சாப்பிடுகிறீர்களா என்றால், "வேண்டாம், இப்பதான் ஆச்சு" என்பாள். இரண்டாம் தடவை கேட்டால், "எதுக்கு சிரமம்?" என்பாள். மூன்றாம் தடவை வற்புறுத்தினால்தான், "சரி, அரை டம்ளர்" என்று வாங்கிக்கொள்வாள். அந்த அரை டம்ளருக்காக அவள் நடந்தே வந்திருப்பாள். கேட்கிறவர்களுக்கும் அது தெரியும், மூன்று தடவை கேட்பார்கள். முதல் வேண்டாமோடு விடுகிறவர்களை, "கேக்கணுமேன்னு கேட்டா" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வருவாள். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான். அன்றைக்கு ஒரே ஒரு தடவை கேட்டேன். வேண்டாம் என்றாள். உடனே ஃபோனை எடுத்து ஆர்டர் போட்டேன்.

பொருத்த வந்தவர் சின்ன வயதுக்காரர் இல்லை, நாற்பது இருக்கும். கூரையில் துளை போட்டு ஒரு நாள் முழுக்க வேலை செய்தார். வேலை முடிந்ததும் தன் பையை எடுத்துப் படுக்கைக்குக் கீழே தரையில் வைத்து, ரிமோட்டை அழுத்திக் காட்டினார். படுக்கை பாதி இறங்கி நின்றது. "பாத்தீங்களா மேடம்? அடியில சென்சார் கீது. கீய எதுனா இருந்துச்சுன்னா நின்னுடும். ஒரு கொயந்த தவுந்துகினு வந்தாக்கூட எறங்காது. உங்க ஃபோனுக்கு மெசேஜ் போட்டுக் கேக்கும். பயமே வேணாம்." அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரும்புக் கட்டில் அன்று மாலையே காயலான் கடைக்குப் போயிற்று. "போகட்டும், கால்ல இடிச்சுண்டே இருந்தது" என்றாள்.

அந்தப் படுக்கை தமிழில் பேசும். அம்மாவுக்காக நான்தான் மொழியை மாற்றி வைத்தேன். காலை ஆறரைக்கு அம்மா எழுந்து போர்வையை மடித்து வைத்ததும் நான் ரிமோட்டை அழுத்துவேன். "படுக்கை மேலே செல்கிறது. தயவுசெய்து விலகி நிற்கவும்" என்று ஒரு பெண் குரல் சொல்லும். "இதோ விலகிட்டேண்டி அம்மா" என்று அம்மா பதில் சொல்லுவாள். அது மெல்ல மேலே போவதைக் கைகட்டி நின்று பார்த்துவிட்டு, "பள்ளியெழுச்சி ஆயாச்சு" என்பாள். நானும் கணவரும் சிரிப்போம். ஹால் பளிச்சென்று இருக்கும். கூட்டிப் பெருக்க ஒரு வட்ட மெஷினும் வாங்கிவிட்டோம். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் படுக்கையை ஏற்றி இறக்கிக் காட்டினேன். பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். என்ன விலை? பகலில் அம்மா எங்கே படுப்பாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அம்மாவின் பகல் பால்கனிக்குப் போயிற்று. வாஷிங் மெஷின் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பார்த்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தலை மார்பில் தொங்கும், தூக்கிப்போட்டு விழிப்பாள், மறுபடி தொங்கும். கால் வீங்கியிருந்தது. அழுத்தினால் விரல் பள்ளம் அப்படியே நிற்கும். "எங்க கட்டில்ல போய் படுத்துக்கோயேம்மா" என்றேன். "மாப்பிள்ளை படுத்துக்கற கட்டில்ல நான் போய் படுத்துக்கறதாவது! வேண்டாம்டி." அதற்கும் நான் இரண்டாம் தடவை கேட்கவில்லை. படுக்கையை இறக்கட்டுமா என்றும் கேட்கவில்லை. இறக்கினால் மேஜையை நகர்த்த வேண்டும். எனக்கு அலுப்பாக இருந்தது. அந்தச் சொல்லைத் தவிர வேறு சொல் இல்லை.

இன்னொன்றும் நடந்தது. அம்மாவுக்குத் தலையணைக்கடியில் சாமான் வைக்கிற பழக்கம். மூக்குக் கண்ணாடி, மாத்திரை, ஃபோன் எல்லாம் அங்கேதான். மறந்துவிட்டால் அவையும் காலையில் கூரைக்குப் போய்விடும். ரிமோட் சுவரில்தான் மாட்டியிருந்தது, எடுத்து அழுத்தினால் இறங்கும். அழுத்த மாட்டாள். மாப்பிள்ளை வாங்கிப் போட்ட மெஷின், கெட்டுவிட்டால்? ராத்திரி ஒன்பது மணிவரை கண்ணாடி இல்லாமலே இருப்பாள். "ஏம்மா சொல்லலை?" என்றால், "பரவாயில்லைடி, படிக்கறதுக்கு என்ன இருக்கு?" என்பாள்.

மத்தியானத்தில் அவள் செய்த ஒரே வேலை கீரை ஆய்வது. ஹாலின் நடுவில் செய்தித்தாளை விரித்து, அருவாமணையோடு உட்கார்ந்துகொள்வாள். முடித்துவிட்டு அருவாமணையையோ முறத்தையோ அங்கேயே மறந்துவிடுவாள். ராத்திரி படுக்கை பாதியில் நின்றுவிடும், என் ஃபோன் கூவும். 'கீழே தடை உள்ளது. பொருளை அகற்றவும்.' ஒவ்வொரு தடவையும் அருவாமணைதான், அல்லது முறம், அல்லது முருங்கைக்கீரைக் காம்பு நிறைந்த செய்தித்தாள். "எத்தனை தரம்மா சொல்றது?" என்று கத்துவேன். "மறந்துட்டேண்டி" என்று குனிந்து எடுப்பாள். அந்த மெசேஜ் வந்தாலே அருவாமணை என்று எனக்குப் பழகிவிட்டது.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் குடும்பம் முன்னே கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் இருந்தது. இப்போது ஊருக்கு வெளியே ஒரே அறை உள்ள வீட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். இரண்டு பஸ் மாறி வருவாள். முதல் தடவை படுக்கை மேலே ஏறுவதைப் பார்த்தபோது வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். பிறகு, "இன்னாக்கா இது, அப்ப பெரிம்மா பகல்ல எங்க படுப்பாங்க?" என்றாள். ஒருவரும் கேட்கவில்லை என்றேனே, தவறு. இவள் கேட்டாள்.

"அவங்களுக்குப் பகல்ல தூக்கம் வராது" என்றேன்.

"எங்கம்மாவும் வயசானவங்கதான். ரூமுக்கு நடுவுல படுத்துகினு கீறாங்க. அஞ்சு பேரும் அவங்கள தாண்டிக்கினுதான் போவோம் வருவோம்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்துக்குப் போனாள். எனக்குக் கோபம் வந்தது. இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

அது ஆடித் தள்ளுபடி சமயம். வியாழக்கிழமை. கணவர் அலுவலகம் போயிருந்தார், மேஜை ராத்திரி தள்ளி வைத்த சுவரோரமே இருந்தது. நான் காலை ஒன்பதுக்கே கடைக்குப் போய்விட்டேன். கீழே தெருவில் கால் வைக்க இடமில்லை, மேலே எனக்கு ஒரு வீடியோ முடிந்தால் இன்னொன்று. பதினொன்று ஐம்பதுக்கு ஓர் அம்மாள், பெண் கல்யாணத்துக்கு அரக்குப் பட்டு பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த பார்டரைக் கொஞ்சம் கிட்ட காட்டுங்கோ" என்றாள். ஃபோனைக் கிட்டக் கொண்டுபோகும்போது திரையில் அவள் முகத்துக்கு மேலே அந்தப் பட்டை வந்து விழுந்தது. 'கீழே தடை உள்ளது. பொருளை அகற்றவும்.' இரண்டு பொத்தான்கள். 'பார்க்கிறேன்', 'பிறகு'. பார்க்கிறேன் என்றால் படுக்கையின் அடியில் உள்ள கேமரா திறந்து காட்டும். நான் 'பிறகு' அழுத்தினேன். கண்ணாடியை மேலேயே விட்டுவிட்டாள் போலிருக்கிறது, இன்றைக்குத் துணிந்து ரிமோட்டைத் தொட்டுவிட்டாள், அருவாமணையை மட்டும் எடுக்கவில்லை என்று எண்ணிக்கொண்டேன். சிரிப்புக்கூட வந்தது.

பன்னிரண்டே காலுக்கு மறுபடி வந்தது. பிறகு. ஒரு மணிக்கு இன்னொரு தடவை வந்தது. அப்போது வேறொரு வாடிக்கையாளர், சுங்குடிப் புடவை. இந்த அம்மாவோடு முடியவில்லை என்று நினைத்துக்கொண்டே 'பிறகு' அழுத்தினேன். அதன் பிறகு வரவில்லை. சாப்பிடப் போனேன். தயிர் சாதம், மாவடு. அதுகூட நினைவிருக்கிறது.

நாலு மணிக்கு வேலைக்காரப் பெண் தன்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்திருக்கிறாள். அடுத்த நிமிஷம் எனக்கு ஃபோன். "யக்கா, பெரிம்மா கீய வுயுந்து கீறாங்கக்கா. வாய் ஒரு பக்கம் இஸ்துகிச்சு. சீக்கிரம் வாக்கா." நான் ஆட்டோவில் வருவதற்குள் ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. மேலே ஓடினேன். ஹாலில் படுக்கை தலை உயரத்தில் பாதி இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் மடித்த போர்வை, தலையணை, தலையணைக்கடியில் அவள் ஃபோன். கீழே வெறும் தரையில் அம்மா. தலை வேலைக்காரப் பெண்ணின் மடியில் இருந்தது. ரிமோட் அம்மாவின் கையில் இருந்தது. சாய்ந்து படுக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது, அல்லது எனக்கு ஃபோன் செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. எதுவானாலும் படுக்கை இறங்க வேண்டும். அது இறங்குவதற்குள் அதன் கீழேயே விழுந்திருக்கிறாள். கிடந்தபடியே மறுபடி மறுபடி அழுத்தியிருக்கிறாள். கீழே ஆள் இருந்ததால் அது இறங்கவில்லை. பத்தடி தள்ளி எங்கள் படுக்கையறை திறந்தே கிடந்தது. கட்டில் காலியாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது அதுதான். "எத்தனை மணிக்கு விழுந்தாங்க? அது ரொம்ப முக்கியம்."

கணவர் அப்போதுதான் அலுவலகத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. "பதினொன்னு அம்பது" என்றேன்.

"யாராவது கூட இருந்தாங்களா?"

"இல்லை."

எப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறீர்கள் என்று அவர் முகம் கேட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தேகால். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் தாண்டிவிட்டது என்றார். மூன்று மணிக்குள் வந்திருந்தால் போட்டிருக்கலாம், இனி பார்க்கலாம் என்றார். அம்மா ஆறு நாள் இருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பகலும் இரவும் படுத்தே இருந்தாள். ஒருநாளும் எழுந்து உட்காரவில்லை. ஏழாம் நாள் விடியற்காலை போய்விட்டாள்.

பதிமூன்று நாள் காரியங்கள் முடிந்து வந்தவர்கள் போனார்கள். அதற்குப் பிறகுதான் வேலைக்காரப் பெண் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள். "உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன் யக்கா. நான் வந்தப்ப பெரிம்மா பேசுனாங்க. கொயகொயன்னு பேசுனாங்க. 'மிசின கெடுத்துட்டேன் போல கீது, எறங்க மாட்டேங்குது, மாப்ளகிட்ட சொல்லிடாத'ன்னாங்க. அவ்ளோதான் பேசுனாங்க." அவள் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதாள்.

கணவர்தான், "அதைக் கழட்டிடலாம், என்னால பாக்க முடியலை" என்றார். மனுஷர் மனது உடைந்துபோயிருந்தார். தான் ஹாலில் மேஜை போட்டதால்தான் எல்லாம் வந்தது என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தவற்றையும் அவரிடம் விட்டுவைத்து நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மெசேஜ் வந்ததை அவரிடம் சொல்லவே இல்லை.

பொருத்தியவரே கழற்றவும் வந்தார். முதலில் தன் ஃபோனில் எங்கள் மெஷினின் பதிவைத் திறந்து பார்த்தார். விஷயத்தைக் கேள்விப்பட்டிருந்தார். தன் வேலையில் குறை இருக்குமோ என்று பயந்து வந்திருப்பார், பாவம். பார்த்ததும் பெருமூச்சு விட்டார்.

"சார், மெஷினு மேல தப்பு இல்ல சார். சென்சார் கரீட்டா வேல செஞ்சு கீது. அன்னிக்கி ஆளு கீய கீறாங்கன்னு நின்னுகீது. மேடம் ஃபோனுக்குக்கூட மூணு வாட்டி கேட்டு கீதே. பதினொன்னு அம்பது, பன்னெண்டே கால், ஒரு மணி. மூணு வாட்டியும் 'பிறகு'ன்னு..." என்று படித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

கணவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் திரும்பிப் போய், பால்கனியில் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பெல்ட்டுகளை அவிழ்த்து, சட்டங்களைக் கழற்றி, எல்லாவற்றையும் கட்டி வாசலில் வைக்கும்வரை நான் சுவரோரமாக நின்றேன். கூரையில் நான்கு துளை மிஞ்சியது. ஹால் முழுவதும் காலியாக இருந்தது. நான் ஆசைப்பட்ட இடம் அத்தனையும் இருந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தார்.

"காபி சாப்பிட்டுப் போங்கோ" என்றேன்.

"வேணாம் மேடம்."

"ரெண்டே நிமிஷம், டிகாக்ஷன் இருக்கு."

"பரவால்ல மேடம், உங்களுக்கு ஏன் செரமம்?"

நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். என் குரல் எனக்கே விகாரமாகக் கேட்டது. "சாப்பிட்டுத்தான் போகணும்."

அவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்தார். "சரி மேடம். அரை டம்ளர் குடுங்க."